கூண்டுக்கிளியும் பாறைக்கோட்டைகளும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு ஏற்காட்டிற்கும் ஒகேனக்கல்லுக்கும் புறப்படுவோர் நம்மில் பலர். போகும் வழியில் சேலம், நாமக்கல் சமவெளியில் ஆங்காங்கே பாறைகளும் குன்றுகளும் தனித்து எழுந்து நிற்பதையும், அவற்றின் உச்சியில் மதில்கள் நெளிந்து செல்வதையும் பேருந்தின் சன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். “அது திப்பு சுல்தான் கோட்டை” என்று பிள்ளைகளுக்குக் காட்டியும் இருப்பீர்கள். அதற்குமேல் அந்தக் கோட்டைகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஒரு நாள் ஒதுக்கி அவற்றின்மீது ஏறிப் பாருங்கள். இந்தச் சமவெளியை யார் ஆள்வது என்பதை முடிவு செய்த பகையும் போட்டியும் நடந்த இடம் இங்கிருந்து வெகு தொலைவிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனை. ஆனால், அதன் விளைவைச் சுமந்தவை இந்தப் பாறைகளும் இவற்றைச் சுற்றியுள்ள ஊர்களும்தாம்.

நாமக்கல் பாறை

சேலத்திலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் நாமக்கல் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இன்று நாமக்கல் என்றால் முட்டையும் லாரியும்தாம் நினைவுக்கு வரும். வழி நெடுகக் கோழிப் பண்ணைகள், லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், மரவள்ளிக் காடுகள். சேலத்து ஜவ்வரிசி இந்த மரவள்ளிக் கிழங்கிலிருந்துதான் வருகிறது.

ஊரின் நடுவே ஒரே வெள்ளைப் பாறையாக எழுந்து நிற்கிறது அந்தக் குன்று. உயரம் ஏறத்தாழ 75 மீட்டர். அடிவாரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் குடைவரையும் அரங்கநாதர் குடைவரையும் கி.பி. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதியமான் மரபினர் காலத்தவை. அருகே கமலாலயம் என்னும் குளம். தென்மேற்குப் பக்கத்தில் பாறையிலேயே செதுக்கிய குறுகலான படிகள் மேலே அழைத்துச் செல்கின்றன. வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும். சுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு ஏறிவிடுவது நல்லது. முதியவர்களும் சிறு குழந்தைகளும் அடிவாரத்தில் குளக்கரையில் தங்கிவிடலாம்.

மேலே சென்றால் பரப்பு மிகச் சிறியது. சுற்றிலும் மதில், மதிலில் துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகள். சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் இக்கோட்டையைக் கட்டினார் என்பர். இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஓர் அரசர் வாழ்ந்திருக்கக்கூடிய இடமாக இது தோன்றாது. ஒரு சிறு காவற்படை, கொஞ்சம் தானியம், மழைநீர், வெடிமருந்து ஆகியவற்றுக்கே இங்கு இடம் உண்டு. இத்தகைய கோட்டையின் வேலையும் அதுவே: கீழே தெரிகிற வயல்களின் வரி யாருக்குச் சேர வேண்டுமோ, அவர் சார்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது.

தெற்கு நோக்கி நில்லுங்கள். காவிரி அந்தத் திசையில்தான் ஓடுகிறது. அதற்கு அப்பால் கரூர்; காவிரியோடு கிழக்கே போனால் திருச்சிராப்பள்ளி. நம் கதை அந்தத் திருச்சிராப்பள்ளியில் தொடங்குகிறது.

ஒரு வாக்குறுதியும் ஒரு கடனும்

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிக்கதேவராயரின் காலத்தில் சேலம் பகுதி மைசூர் அரசின் கைக்கு வந்தது. அவருக்குப் பின் வந்த உடையார் மன்னர்கள் மெல்ல மெல்லப் பெயருக்கு மட்டும் அரசர்களானார்கள். அதிகாரம் முழுவதும் தளவாய் என்னும் படைத்தலைவரிடமும் அவரைச் சேர்ந்தவர்களிடமும் போயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த இடத்தில் இருந்தவர்கள் களலே குடும்பத்துச் சகோதரர்கள் தேவராஜரும் நஞ்சராஜரும். மன்னர் தசராவன்று அரியணையில் அமர்ந்து காட்சி தருவார். ஆட்சி தளவாய் வீட்டில் நடக்கும்.

கர்நாடக நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபுடன் போராடிக்கொண்டிருந்த முகம்மது அலி, தமக்கு உதவினால் திருச்சிராப்பள்ளியையே தருவதாக நஞ்சராஜருக்கு வாக்களித்தார். 1752-இல் நஞ்சராஜர் பெரும் படையுடன் கரூர் வழியாகத் திருச்சிக்குப் போனார். சந்தா சாகிபு வீழ்ந்தார், வாக்குறுதி நிறைவேறவில்லை. கோட்டையைப் பெறாமல் திரும்ப மனமின்றி நஞ்சராஜர் 1755 வரை அங்கேயே கிடந்து கருவூலத்தைக் கரைத்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பியபோது படைவீரர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி நின்றது.

வாசகர்கள் இந்தச் சம்பளப் பாக்கியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து நடந்த எல்லாவற்றிற்கும் அதுவே திறவுகோல்.

தூக்கிவிட்ட கை

நஞ்சராஜரின் படையில் ஒரு குதிரைவீரர் இருந்தார். 1749-இல் தேவனஹள்ளி முற்றுகையில் காட்டிய துணிச்சலால் தளவாயின் கண்ணில் பட்டவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கேட்டதையும் கண்டதையும் மறக்காதவர். அவரே ஹைதர் அலி. நஞ்சராஜர் அவரைப் படிப்படியாக உயர்த்தினார். 1755-ஆம் ஆண்டு வாக்கில் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்த்தினார்.

வெளியூரில் இருப்பவனுக்கு அரண்மனையில் ஓர் ஆள் வேண்டும். ஹைதர் அலி தம் கணக்கராகிய காண்டே ராவ் என்னும் பிராமணரைத் தலைநகரில் இருத்தினார். ஹைதரின் வீரச் செயல்களை எடுத்துச் சொல்வதும், அவர் கேட்ட பணத்துக்கு ஒப்புதல் வாங்குவதும் காண்டே ராவின் பொறுப்பு. மைசூர் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் ஒரு செய்தி தருகிறார். ஒரு சண்டைக்குப் பின் காயம்பட்டவர்களுக்கு உதவித்தொகை வழங்க, கணக்கெடுக்கத் தலைநகரிலிருந்து அதிகாரி வந்தார். உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர். கட்டுப் போட்டு வரிசையில் நிறுத்தப்பட்டவர்களோ சுமார் 700 பேர். எல்லோருக்கும் தொகை வந்து சேர்ந்தது. களத்தில் படை வைத்திருப்பவரும் அரண்மனையில் கணக்கு வைத்திருப்பவரும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு சிறு எடுத்துக்காட்டு.

படைகள் பாக்கிச் சம்பளம் கேட்டுக் கலகம் செய்தபோது அதைத் தீர்த்துவைக்க ஹைதர் அலியால் மட்டுமே முடிந்தது. தீர்த்துவைத்ததற்கு ஈடாக நாட்டின் வருவாய்ப் பகுதிகள் ஒவ்வொன்றாக அவர் பொறுப்பில் வந்தன. சம்பளம் கொடுப்பவர் யாரோ அவர் பின்னால்தானே படை நிற்கும்? 1759-இல் அரண்மனையில் ஒரு புதிய கூட்டு உருவாயிற்று. நஞ்சராஜரின் பிடியிலிருந்து விடுபட விரும்பிய மூத்த அரசியார், காண்டே ராவ், ஹைதர் அலி மூவரும் ஒன்றுபட்டார்கள். நஞ்சராஜர் பதவி விலகி ஒதுங்கினார். அவரிடத்தில் காண்டே ராவ் பிரதானியானார். நாட்டின் வருவாயில் பாதிக்கும் மேற்பட்டது படைச் செலவின் பெயரால் ஹைதர் அலியிடம் வந்தது.

ஓராண்டு கூட ஆகவில்லை. அரசியாருக்கு ஒரு தளவாய் போய் இன்னொரு தளவாய் வந்ததாகத் தோன்றியது. காண்டே ராவுக்கோ, தம் பழைய எசமானர் கீழேயே எத்தனை நாள் இருப்பது என்ற எண்ணம். ஹைதரின் படையில் பெரும்பகுதி மைத்துனர் மக்தூம் அலியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவப் பாராமகால் வழியாகக் கீழ்நாட்டிற்கு இறங்கியிருந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியே அன்றைய பாராமகால். அந்த நேரம் பார்த்து, 1760 ஆகஸ்டு 12-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையின் பீரங்கிகள் ஹைதரின் பாசறையை நோக்கி முழங்கின. குடும்பத்தை விட்டுவிட்டு, சில குதிரைவீரர்களோடு இரவில் காவிரியைக் கடந்து அவர் பெங்களூருக்குத் தப்பினார். விட்டுச் சென்றவர்களில் சுமார் 10 வயதுச் சிறுவன் திப்புவும் ஒருவன். அந்தக் குடும்பத்தைக் காண்டே ராவ் கண்ணியமாகவே நடத்தினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

காண்டே ராவ் துணைக்கு மராட்டியப் படையை அழைத்தார். ஹைதர் அலி மராட்டியத் தளபதி விசாஜி பண்டிதரிடம் பேரம் பேசினார்: பணம் தருவதாகவும், பாராமகாலை விட்டுக்கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டார். வடக்கே பானிபட்டில் மராட்டியருக்கு நெருக்கடி முற்றிய நேரம் அது. அவர்களும் அவசரமாகத் திரும்பிப் போனார்கள். பாராமகால் கைமாறவில்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள்: அரண்மனையில் இரு மனிதர்களின் பகையைத் தீர்க்க, சேலத்தை அடுத்த ஒரு நாடே பேரப்பொருளாக வைக்கப்பட்டது. அங்கே ஏர் பிடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

அதன்பின் நஞ்சன்கூடு அருகே நடந்த சண்டையில் ஹைதர் அலி தோற்றார். அந்த இக்கட்டில் அவர் செய்த காரியம் வியப்புக்குரியது. தாம் வீழ்த்திய நஞ்சராஜரிடமே சென்று, அவர் காலில் விழுந்து, நடந்ததெல்லாம் தம் நன்றிகேட்டின் தண்டனை என்று முறையிட்டார். நஞ்சராஜர் மனம் இளகினார். தம் பெயரையும் முத்திரையையும் அளித்தார். அந்த முத்திரையோடு காண்டே ராவின் படைத்தலைவர்களுக்குக் கடிதங்கள் புறப்பட்டன: அவர்கள் முன்பே ஒப்புக்கொண்டபடி காண்டே ராவைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று. அப்படி ஓர் ஒப்பந்தமே கிடையாது. கடிதங்கள் காண்டே ராவின் கையில் சிக்க வேண்டும் என்பதற்காகவே அனுப்பப்பட்டன, சிக்கின. தம்மைச் சுற்றி நின்ற ஒருவரையும் நம்ப முடியாமல் காண்டே ராவ் படையை விட்டுத் தலைநகருக்கு ஓடினார். தலைவனில்லாத படை சிதறியது.

1761-இல் ஹைதர் அலி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நுழைந்தார். காண்டே ராவை ஒப்படைக்கச் சொன்னபோது அரண்மனைப் பெண்கள் அவருடைய உயிருக்கு மன்றாடினார்கள். கொல்ல மாட்டேன், ஒரு கிளியைப் போல் வளர்ப்பேன் என்று வாக்களித்தார் ஹைதர். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்: காண்டே ராவை இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்து, சாகும் வரை வைத்திருந்தார். நஞ்சராஜரும் சில ஆண்டுகளுக்குப் பின் தலைநகருக்கு வரவழைக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

நஞ்சராஜர் ஹைதரைத் தூக்கிவிட்டார். ஹைதர் அவரை வீழ்த்தினார். ஹைதர் காண்டே ராவைத் தூக்கிவிட்டார். காண்டே ராவ் அவரை வீழ்த்தப் பார்த்தார். ஒவ்வொருவரையும் கவிழ்க்க வந்தவர் அவரவர் கையால் வளர்ந்தவரே.

ரூமிலும் பக்தாதிலும்

இது மைசூருக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். நம் நூல்களில் ‘ரூம்’ என்று குறிக்கப்படும் பைசாந்தியப் பேரரசின் வரலாறு இத்தகைய செய்திகளால் நிறைந்தது. அதன் தலைநகரம் குஸ்தன்தீனிய்யா, இன்றைய இஸ்தான்புல். 9-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் மிக்காயேல் என்னும் பேரரசர், பாசில் என்னும் குதிரைக்காரரின் உடல் வலிமையில் மயங்கி அவரை அருகில் வைத்துக்கொண்டார். 866-இல் அந்தப் பாசில், பேரரசரின் மாமனும் ஆட்சியை நடத்தி வந்தவருமான பர்தாஸைக் கொன்றார்; இணை அரசரானார். மறு ஆண்டு மிக்காயேலும் கொல்லப்பட்டார். பாசிலின் மரபு 1056 வரை ஆண்டது.

அந்த மரபில் வந்த ஆறாம் லியோவின் அரண்மனையில் சமோனாஸ் என்பவர் செல்வாக்குடன் இருந்தார். அரபு நாட்டிலிருந்து சிறைப்பட்டு வந்த திருநர். ஒரு சதியைக் காட்டிக்கொடுத்துப் பேரரசரின் நம்பிக்கையைப் பெற்றவர். அவர் தம் ஊழியன் கான்ஸ்டன்டைன் என்பவனை அரசிக்குப் பரிசாக அளித்தார். அந்த ஊழியன் அரசர், அரசி இருவருக்கும் பிரியமானவனாகிவிடவே, சமோனாஸுக்குப் பொறாமை பிறந்தது. அவனைக் கெடுக்கச் செய்த சூழ்ச்சிகள் வெளிப்பட்டு 908-இல் சமோனாஸ் மடாலயத்திற்கு அனுப்பப்பட்டார். அவருடைய இடத்திற்கு வந்தவன் அவர் பரிசளித்த அதே கான்ஸ்டன்டைன்.

பக்தாத்தில் ஹாரூன் ரஷீதின் அவையில் பர்மக்கியர் பெற்றிருந்த செல்வாக்கையும், 803-இல் ஜஃபர் பர்மக்கி ஒரே இரவில் வெட்டுண்டதையும் நம் வீடுகளில் பலரும் கேட்டிருப்பார்கள். மொழி வேறு, சமயம் வேறு, நாடு வேறு. நடைமுறை ஒன்றே. பதவியின் வரம்பைச் சட்டமோ வழக்கமோ வகுக்காமல், ஒருவரின் பிரியம் மட்டுமே வகுக்கும் இடத்தில், அந்தப் பிரியத்தை நெருங்குவதும் பிறரை அதிலிருந்து விலக்குவதுமே எல்லோருக்கும் தொழிலாகிவிடுகிறது.

சங்ககிரி

நாமக்கல்லிலிருந்து மேற்கே திருச்செங்கோடு சென்று, அங்கிருந்து சங்ககிரிக்குப் போகலாம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டுப் பக்கம் வரிசை வரிசையாக நிற்கும். நாடெங்கும் போய்க் கிணறு தோண்டுகிறவை அவை. சங்ககிரி, சேலம் - கோவைச் சாலையில் இருக்கிறது. நாமக்கல்லைப் போல் ஒரு நொடியில் ஏறிவிட முடியாத பெரிய மலை இது. அடிவாரம் முதல் உச்சி வரை மதிலுக்குப் பின் மதிலாக, வாசலுக்குப் பின் வாசலாக எழுகிறது. விஜயநகரக் காலத்தில் தொடங்கி, மைசூர், ஆங்கிலேயர் என ஒவ்வொருவரும் சேர்த்துக் கட்டியது. மேலே பெருமாள் கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு, தானியக் கிடங்கும் உண்டு. கொங்கு நாட்டு வரி வந்து குவிந்த இடம் என்பர். குடிநீரைக் கீழிருந்தே எடுத்துச் செல்லுங்கள்; முழுதும் பார்க்க அரை நாளாவது வேண்டும்.

எங்கள் மதரஸா மாணவர்களை ஒருமுறை இங்கு அழைத்துச் சென்றிருந்தேன். மூன்றாவது வாசலின் நிழலில் அமர்ந்து ஹைதர், காண்டே ராவ் கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவன் கேட்டான்: “ஹஜ்ரத், காண்டே ராவ் வேற்று மதத்தவர் என்பதால்தானே துரோகம் செய்தார்?” அவன் குற்றமில்லை, வரலாற்றை அப்படித்தான் நம்மைச் சுற்றிப் பலரும் பேசுகிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர்களும் இதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறார்கள். ஆகவே பதிலை விரிவாகவே சொன்னேன், வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

1782 டிசம்பர் 7-ஆம் நாள் சித்தூருக்கு அருகே பாசறையில் ஹைதர் அலி காலமானார். மூத்த மகன் திப்பு வெகு தொலைவில், மேற்குக் கடற்கரையில் பொன்னானிப் பக்கம் போரில் இருந்தார். செய்தி பரவினால் படை சிதறும், ஆங்கிலேயர் பாய்வார்கள். அப்போது அந்த மரணத்தை மறைத்து, உடலைப் பெட்டியில் வைத்துப் பொருட்பெட்டியைப் போல் அனுப்பிவிட்டு, திப்பு வந்து சேரும் வரை படையை ஒன்றாக வைத்திருந்தவர்கள் யார்? பூர்ணய்யாவும் கிருஷ்ணராவும், இருவரும் பிராமண அமைச்சர்கள். அதே வேளையில் திப்புவைத் தவிர்த்து அவருடைய தம்பி அப்துல் கரீமைப் பெயருக்கு அரசராக்கத் திட்டமிட்டவர்கள் யார்? ஹைதரின் உறவினர் முகம்மது அமீனும் பக்ஷி ஷம்சுத்தீனும். சதி வெளிப்பட்டு அவர்கள் விலங்கிடப்பட்டனர்.

இன்னொருவர் அயாஸ் கான். மலபாரில் சிறைப்பட்டு, ஹைதரிடம் வளர்ந்து, இஸ்லாத்தைத் தழுவியவர். ஹைதருக்கு அவர்மீது பெற்ற மகனுக்கும் மேலான பிரியம். அதை மறைக்காமல் திப்புவின் எதிரிலேயே அயாஸை உயர்த்திப் பேசுவார். பெத்னூரின் ஆளுநராகவும் ஆக்கினார். அந்தப் பேச்சு திப்புவின் மனத்தில் முள்ளாகத் தங்கியது. ஹைதர் இறந்ததும் தம் உயிருக்கு ஆபத்து என்று அயாஸ் அஞ்சினார். 1783 ஜனவரியில் பெத்னூரையே ஆங்கிலத் தளபதி மேத்யூஸிடம் ஒப்படைத்துவிட்டுப் பம்பாய்க்குப் போய்விட்டார். தகப்பன் ஒருவனிடம் காட்டிய பாரபட்சம் மகனுக்கு ஒரு மாகாணத்தை விலையாக்கியது. சில மாதங்களில் திப்பு அதை மீட்டார் என்பது வேறு செய்தி.

மரணத்தை மறைத்து அரியணையைக் காத்த கிருஷ்ணராவின் கதி என்ன? 1791-இல் கார்ன்வாலிஸின் படையெடுப்பின்போது துரோகச் சந்தேகத்தின் பேரில் தம் சகோதரர்களோடு கொல்லப்பட்டார். 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, மதில் உடைப்பில் நின்ற வீரர்களைச் சம்பளம் கொடுப்பதாகச் சொல்லி விலக்கியதாகப் பேசப்படும் மீர் சாதிக்கைத் திப்புவின் வீரர்களே வெட்டிக் கொன்றார்கள். பூர்ணய்யாவோ உடையார் மரபுச் சிறுவனை அரியணையில் அமர்த்திய ஆங்கிலேயரின் ஏற்பாட்டில் திவானாகி, 1811 வரை மைசூரை நிர்வகித்தார்.

இந்தப் பெயர்களை மதத்தின்படி இரண்டு வரிசையாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டிலும் உண்மையாக நின்றவர்கள் இருப்பார்கள். இரண்டிலும் கைவிட்டவர்கள் இருப்பார்கள். ஒரே மனிதரே ஒரு காலத்தில் அரியணையைக் காத்தவராகவும் மற்றொரு காலத்தில் சந்தேகத்திற்கு இலக்கானவராகவும் இருப்பார். மதத்தை அளவுகோலாக வைத்தால் இந்த வரலாறு எந்தக் கணக்கிலும் ஒத்துவராது. அரண்மனையின் அமைப்பை வைத்துப் பார்த்தால் எல்லாம் விளங்குகிறது. முறைப்படி கேள்வி கேட்க ஓர் அவையில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தம் பக்கத்தைச் சொல்ல ஒரு மன்றமில்லை. நம்பிக்கை அல்லது சந்தேகம், இரண்டே வழிகள்.

“மீர் சாதிக் மட்டும் இல்லாதிருந்தால்...” என்று நம் வீடுகளில் பெருமூச்சு விடுவோர் உண்டு. ஒருவர் மேல் பழியைப் போட்டுவிட்டால் மனம் ஆறும். ஆனால் அந்த ஒருவர் கைக்கு அத்தனை அதிகாரம் எப்படி வந்தது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. திப்புவின் வீரத்தையும் அவர் களத்தில் உயிர் நீத்த பெருமையையும் போற்றுவோம். அதற்காக இந்தக் கேள்வியை மறைத்துவிட வேண்டியதில்லை.

சமவெளி கொடுத்த விலை

சங்ககிரி உச்சியிலிருந்து கீழே பார்த்தால் இன்று சாலையும் ரயில்பாதையும் ஆலைகளும் தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே சோளமும் கம்பும் கேழ்வரகும் பருத்தியும். அந்த விளைச்சலின் வரிதான் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படைக்குச் சம்பளம். 1768-இல் ஆங்கிலப் படையுடன் வந்த கர்னல் உட், சேலம், ஆத்தூர், நாமக்கல் எனக் கோட்டைகளை வரிசையாகப் பிடித்தார். அவ்வாண்டு முடிவதற்குள் ஹைதர் அலி கணவாய்களின் வழியே இறங்கி வந்து, ஆங்காங்கே சிதறி நின்ற சிறு காவற்படைகளை ஒவ்வொன்றாக விரட்டி அவற்றை மீட்டார். ஒரே ஆண்டில் இரண்டு எசமானர்கள். இரண்டு பேருக்கும் தீனியும் தானியமும் கொடுத்தாக வேண்டும். கொடுத்தவர்களின் பெயர்கள் எந்த வரலாற்றிலும் இல்லை.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலம், நாமக்கல், சங்ககிரிப் பகுதிகளும் கம்பெனிக்குப் போயின. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோ முதலியோரும் வந்து நிலத்தை அளந்து, உழவர் ஒவ்வொருவர் பேரிலும் வரி விதித்தார்கள். ரயத்துவாரி முறை தென்னகத்தில் வேரூன்றியது இங்கிருந்துதான். அரண்மனையில் ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டிருந்த காலத்தில், கம்பெனி சோளக்காட்டின் கணக்கைக் கண்காணித்தது.

சங்ககிரியில் இன்னொரு நினைவும் உண்டு. திப்புவோடு நின்று ஆங்கிலேயரை எதிர்த்த தீரன் சின்னமலை, திப்புவின் மறைவுக்குப் பின்னும் போராடி, 1805-இல் தம் தம்பியரோடு இம்மலையில் தூக்கிலிடப்பட்டார். வீட்டில் சமைத்தவனே அவரைக் காட்டிக்கொடுத்தான் என்று கொங்கு மக்கள் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவர் நினைவாக இங்கு மக்கள் கூடுகிறார்கள். முஸ்லிம் மன்னருக்காகக் கவுண்டர் குலத்து வீரர் ஒருவர் நின்றதையும் உங்கள் பிள்ளைகளுக்கு இந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

வீட்டிற்கு எடுத்துச் செல்வது

சங்ககிரியிலிருந்து சேலம் திரும்பச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். நகரின் நடுவே திருமணிமுத்தாற்றின் கரையில் பழைய ஜாமிஆ பள்ளிவாசல் இருக்கிறது. திப்பு சுல்தான் இங்கே தொழுததாகச் சேலத்து மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அஸர் தொழுகைக்கு அங்கே போய்ச் சேரும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளலாம்.

அரண்மனைகள் போய்விட்டன, அரண்மனைப் பழக்கம் போய்விடவில்லை. ஊர் ஜமாஅத்தில், சங்கத்தில், பரம்பரைக் கடையில், ஏன், பிள்ளைகள் நாலைந்து பேர் உள்ள வீட்டிலும்கூட அதைக் காணலாம். தலைவரின் காதருகே இருப்பவரே எல்லாம் முடிவு செய்கிறார். கணக்கு ஒருவர் கையிலேயே இருக்கிறது. ஒருவரைப் பற்றி வந்த கடிதத்தையோ பேச்சையோ அவரிடமே கேட்டு உறுதி செய்யாமல் நம்பிவிடுகிறோம். ஒரு மகனைப் புகழ இன்னொரு மகனைச் சிறுமைப்படுத்துகிறோம். இவை எல்லாம் மேலே கண்ட வரலாற்றில் அரசுகளைக் கவிழ்த்த செயல்கள்.

இதற்கு மாற்றும் நமக்குப் புதிதன்று. பொறுப்பை அமானிதமாகக் கருதுவதும், காரியங்களை மஷூரா செய்து முடிவெடுப்பதும், கணக்கைப் பலர் முன்னிலையில் வைப்பதும், வந்த செய்தியைத் தீர விசாரிப்பதும் நாம் சிறு வயது முதல் ஓதிக் கேட்டவையே. ஓதியதை ஊர்க் காரியத்தில் நடத்திக் காட்டுவதில்தான் குறை. அடுத்த முறை உங்கள் முஹல்லாவில் ஜமாஅத் பொதுக்குழு கூடும்போது, வரவு செலவைப் படித்துக் காட்டும்படி முதலில் எழுந்து கேட்பவர் நீங்களாக இருங்கள். யாரையும் சந்தேகிப்பதற்காக அன்று. கணக்கு வைத்திருப்பவர் நல்லவராயின் அவருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.